துபாயா, ஷார்ஜாவா: மதுரைக் குடும்பம் ஒண்ணு குடியேறுற ஊரை முடிவு பண்ணின விதம் (நிகழ்வு ஆய்வு)

எதுக்காக எழுதுறேன்

மதுரையில வெளிநாட்டு வேலைக்குப் போறவங்களுக்கு சர்டிபிகேட் அட்டெஸ்டேஷன், டிக்கெட், குடும்ப விசா பேப்பர் எல்லாம் முடிச்சுக் குடுக்குற தொழில் எனக்கு. துபாய்ல வேலை கிடைச்சு கிளம்புற ஆளுங்க நூத்துக்குத் தொண்ணூறு பேர் கேக்குற கேள்வி, துபாய்லயே இருக்கலாமா இல்ல ஷார்ஜாவுல வீடு எடுத்துட்டு தினம் போய் வரலாமாங்கிறதுதான். ஷார்ஜாவுல வாடகை கம்மின்னு ஒரே வரியில பதில் சொல்லிட்டுப் போயிருவாங்க. அப்படி ஒரே வரியில முடிக்காம, ஒரு குடும்பம் சோதிச்சுப் பாத்து முடிவெடுத்துச்சு. அவங்க அனுமதியோட இதை எழுதுறேன், ஆள் அடையாளம் தெரியக்கூடாதுன்னு சில சின்ன விவரங்களை மட்டும் மாத்தியிருக்கேன்.

பின்னணி

கணவருக்கு 34 வயசு, மெக்கானிக்கல் என்ஜினியர், கப்பலூர் பக்கம் ஒரு கம்பெனியில ஏசி டக்ட் எஸ்டிமேஷன் பாத்துக்கிட்டிருந்தாரு. மனைவி பி.எட். முடிச்சவங்க, திருநகர்ல ஒரு மெட்ரிக் பள்ளியில டீச்சர். ரெண்டாங்கிளாஸ் படிக்கிற பொண்ணு, கூட அவரோட அம்மா. வீட்டு லோன் போய்க்கிட்டிருக்கு. 2023 செப்டம்பர்ல துபாய்ல ஒரு கான்ட்ராக்டிங் கம்பெனியிலேருந்து ஆஃபர் வந்துச்சு: மொத்தம் 8,500 திர்ஹம், அதுல பேசிக் 4,500, ஆபீஸ் துபாய்ல அல் கூஸ்ங்கிற ஏரியாவுல, காலைல 8 மணிக்கு இருக்கணும், சனிக்கிழமை அரை நாள், ஞாயிறு லீவு. தங்குற இடம் கம்பெனி குடுக்காது, புரொபேஷன் 6 மாசம்.

குடும்பத்தைக் கூட்டிக்கிறதுக்கு 4,000 திர்ஹம் சம்பளம் இருந்தாப் போதும், இல்லன்னா 3,000மும் தங்குற இடமும். அது இவருக்குத் தாண்டிருச்சு. அதனால முதல் நாளே எல்லாரும் சேந்து போயிரலாம்னுதான் வீட்ல பேச்சு ஓடிச்சு.

டிகிரி சர்டிபிகேட்டை மாநில அரசு, வெளியுறவுத் துறை, யுஏஇ (ஐக்கிய அரபு அமீரகம்) தூதரகம்னு வரிசையா முத்திரை வாங்கிக் குடுத்தோம். அதோடயே கல்யாண சர்டிபிகேட்டு, குழந்தை பொறப்புச் சர்டிபிகேட்டு, மனைவியோட பி.எட். எல்லாத்தையும் சேத்து முடிச்சிருங்கன்னு நான் சொன்னேன், முடிச்சாங்க. இந்த பி.எட். பின்னாடி பெரிய வேலை செய்யப் போகுதுன்னு அப்ப யாருக்கும் தெரியாது.

ரெண்டு பக்கத்து ஆலோசனை

மனைவியோட தாய்மாமா ஷார்ஜாவுல அல் நஹ்தாவுல இருவது வருஷமா இருக்காரு. அவர் போன்ல சொன்னது: "மாப்ள, ஷார்ஜாவுக்கு வந்துருங்க, அங்க ஸ்டூடியோ (தனி பெட்ரூம் இல்லாத ஒரே ரூம் வீடு) எடுக்குற காசுல இங்க ஹாலும் பெட்ரூமுமா வீடு கிடைக்கும், சரக்கு விக்கிற கடை ஒண்ணு கிடையாது, குடும்பத்துக்கு ஏத்த ஊரு." ஷார்ஜாவுல மது விற்பனைக்கு அனுமதி இல்லைங்கிறது உண்மைதான், அம்மாவுக்கு அந்த ஒரு பாயிண்ட்லயே மனசு முடிஞ்சுபோச்சு. கணவரோட காலேஜ் ஃபிரெண்டு துபாய்ல கராமாவுல இருக்காரு. அவர் சொன்னது நேர் எதிர்: ஷார்ஜாவுல குடியிருந்துட்டு அல் கூஸ்ல வேலை பாத்தா பொண்ணு முழிச்சிருக்கும்போது நீ பாக்கவே மாட்டடான்னு.

ரெண்டு பேரும் பொய் சொல்லல. மாமாவுக்கு வேலையும் ஷார்ஜாவுலயே, அந்த எல்லையைத் தாண்டுற கஷ்டம் அவருக்குத் தெரியாது. ஃபிரெண்டு பேச்சிலரா பெட்ஸ்பேஸ்ல (ரூம்ல ஒரு கட்டில் இடம் மட்டும் வாடகைக்கு) இருக்குறவரு, குடும்பத்தோட இருந்தா வாடகை எப்படி அமுக்கும்னு அவருக்குத் தெரியாது. யார் சொன்னாலும் அவங்க வாழ்ற வாழ்க்கையிலேருந்துதான் சொல்லுவாங்க.

தெரியாதவங்களுக்காக ஊர் அமைப்பைச் சொல்லிர்றேன். ரெண்டும் யுஏஇயில அடுத்தடுத்த எமிரேட் (நம்ம ஊர் மாநிலம் மாதிரி). அல் நஹ்தாங்கிற பேர்ல துபாய்லயும் ஒரு ஏரியா இருக்கு, ஷார்ஜாவுலயும் ஒரு ஏரியா இருக்கு, நம்ம திருப்பரங்குன்றம் எங்க முடியுது திருநகர் எங்க ஆரம்பிக்குதுன்னு சொல்ல முடியாத மாதிரி ஒட்டிக் கெடக்கும். ஆனா சட்டம், வாடகை, கரண்டு போர்டு, பள்ளிக்கூட லீவு எல்லாம் வேற வேற. துபாய் மெட்ரோ ஷார்ஜாவுக்குள்ள போகாது, பச்சை லைன் அல் குசைஸ் பக்கத்தோட நின்னுரும். துபாய் டாக்ஸியில ஷார்ஜா போனா மீட்டருக்கு மேல 20 திர்ஹம் கூட.

முதல் முடிவு: உடனே முடிவு பண்றதில்ல

இந்த கேஸ்ல எனக்குப் பிடிச்ச இடம் இதுதான். அங்க வாடகை மாசாமாசம் கட்டுறது இல்ல, வருஷத்துக்கு ஒப்பந்தம் போட்டு நாலு செக்கோ ஆறு செக்கோ முன்தேதி போட்டுக் குடுத்துரணும். புரொபேஷன்ல இருக்கும்போது வேலை போச்சுன்னா செக்கு மட்டும் நிக்கும். அதனால புரொபேஷன் முடியுற வரைக்கும் தனியா இருக்குறது, அதுக்குள்ள ரெண்டு ஊரையும் பாக்குறது, அப்புறம் குடும்பம்னு முடிவாச்சு. மனைவிக்கு இதுல வருத்தம், அம்மாவுக்கு சந்தோஷம்.

2023 நவம்பர்ல மதுரையிலேருந்து நேர் பிளைட்ல துபாய் போனாரு. ஷார்ஜாவுக்கு நேரா இறங்கணும்னா திருச்சியோ கோயம்புத்தூரோ போய் ஏறணும், ஆனா ரெண்டு ஊருக்கும் நடுவுல இருக்குற தூரத்துக்கு எந்த ஏர்போர்ட்ல இறங்கினாலும் ஒண்ணுதான், இதை ஒரு காரணமா எடுத்துக்கவே வேண்டாம். கராமாவுல ஃபிரெண்டு இருந்த ஃபிளாட்லயே ஒரு பெட்ஸ்பேஸ். அங்கேருந்து மெட்ரோவுல ஆன்பேசிவ் ஸ்டேஷன், அப்புறம் ஃபீடர் பஸ்ல ஆபீஸ்.

சோதிச்சுப் பாத்த வாரம்

2024 பிப்ரவரியில ஒரு வாரம் முழுக்க மாமா வீட்ல தங்கி ஷார்ஜாவுலேருந்தே ஆபீஸ் போனாரு. மாமா "ரமலான்ல வாங்க மாப்ள, சேந்து நோன்பு தொறக்குறதைப் பாக்கலாம்"னாரு. அந்த வருஷம் ரமலான் மார்ச்ல ஆரம்பிச்சுச்சு, ரமலான்ல வேலை நேரம் தினம் ரெண்டு மணி நேரம் குறையும், ரோட்டுக் கூட்டமும் மாறிப்போகும், அப்ப எடுத்த அளவு மீதி பதினோரு மாசத்துக்கு உதவாது. ஸ்கூல் நடக்குற, லீவு எதுவும் இல்லாத சாதாரண வாரம்தான் வேணும்னு அவரே யோசிச்சு முன்னாடியே போயிட்டாரு.

அவர்கிட்ட அங்கத்த லைசென்ஸ் இல்ல. நம்ம இந்திய லைசென்ஸை அங்க மாத்திக்க முடியாது, கிளாஸ் போய் டெஸ்ட் எழுதி எடுக்கணும், அதுக்கு ஆயிரக்கணக்குல திர்ஹம் ஆகும். அதனால மூணு வழியை முயற்சி பண்ணிப் பாத்தாரு.

கார்லிஃப்ட் (மாசக் காசு குடுத்து இன்னொருத்தர் கார்ல தினம் போய் வர்றது): பக்கத்து பில்டிங் ஆள் ஒருத்தர் நாலு பேரை ஏத்திக்கிட்டு அல் கூஸ் பக்கம் போறவரு, மாசம் 650. காலைல 5:45க்கு ஏறுனா 7:10, 7:15க்கு ஆபீஸ் வாசல், 8 மணி வரைக்கும் சும்மா உக்காந்திருக்கணும். ஒரு நாள் 6:20க்கு கிளம்புனாங்க, 8:25 ஆயிருச்சு. சாயங்காலம் 6 மணிக்கு விட்டா வீட்டுக்கு 8லேருந்து 8:30. வியாழக்கிழமை ஒரு ஆக்ஸிடென்ட், 9:10. (அனுமதி இல்லாத கார்லிஃப்ட் சட்டப்படி குத்தம், புடிச்சா ஓட்டுறவருக்கு அபராதம், அப்புறம் மறுநாள் உங்களுக்கு வண்டி இருக்காது. ஆனாலும் ஆயிரக்கணக்கானவங்க இதுலதான் போறாங்க.)

பஸ்: ஷார்ஜாவுலேருந்து துபாய்க்குப் போற எமிரேட் பஸ், அதுக்கப்புறம் மெட்ரோ. காசு ஓகே, ஆனா காலைல பஸ் கியூவுல நிக்கிற நேரத்தை யாராலயும் முன்கூட்டிச் சொல்ல முடியாது.

மூணாவது, அங்க இருக்குறவங்க கண்டுபிடிச்ச வழி: ஷார்ஜா அல் நஹ்தாவுல குடியிருந்துட்டு, எல்லையில இருக்குற சஹாரா சென்டர் வழியா நடந்தே துபாய்ப் பக்கம் போயி அங்க துபாய் பஸ்ல ஏறி ஸ்டேடியம் மெட்ரோ. வாடகை ஷார்ஜா வாடகை, போக்குவரத்து துபாய் போக்குவரத்து. பிப்ரவரியில ஜம்முன்னு இருந்துச்சாம். ஆனா ஜூலை ஆகஸ்ட்ல 45 டிகிரி, காத்துல ஈரம் வேற, அப்ப காலைலயும் சாயங்காலமும் இதே நடை நடக்க முடியுமான்னு மாமா வீட்ல கேட்டதுக்கு யாரும் ஆமான்னு சொல்லல. வீட்லேருந்து சஹாரா சென்டர் எவ்வளவு பக்கம்ங்கிறதை வச்சு சிலருக்கு இது ஒத்து வரும். இவருக்கு வரல.

இந்த வாரத்துல அவர் கவனிச்சு எழுதி வச்ச ஒரு விஷயம் பின்னாடி உதவுச்சு. காலைல ஷார்ஜாவுலேருந்து துபாய் வர்ற பக்கம், ரெண்டு ஊரையும் இணைக்குற அல் இத்திஹாத் ரோடு ஊர்ந்துக்கிட்டிருக்கும், எதிர்ப்பக்கம் துபாய்லேருந்து ஷார்ஜா போற ரோடு காலியா இருக்கும். சாயங்காலம் அப்படியே மாறும். எல்லையைத் தாண்டுறதே கஷ்டம் இல்ல, எல்லாரும் தாண்டுற நேரத்துல எல்லாரும் போற பக்கமே தாண்டுறதுதான் கஷ்டம்.

ஏப்ரல் 16

2024 ஏப்ரல் 16ஆம் தேதி பேஞ்ச மழை எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். அல் ஐன் பக்கம் கத்ம் அல் ஷக்லாவுல ஒரு நாள் முழுசா முடியுறதுக்குள்ள 254.8 மில்லிமீட்டர், 1949ல அங்க பதிவு ஆரம்பிச்சதிலேருந்து அப்படி ஒண்ணு இல்ல. ஷார்ஜாவுல அல் மஜாஸ், அல் காசிமியா, அல் நஹ்தா பக்கமெல்லாம் தண்ணி நாள் கணக்குல வடியாம நின்னுச்சு. மாமா பில்டிங்ல கீழ பார்க்கிங் முங்கி கரண்டு போயி லிஃப்ட் நின்னுபோச்சு, அவர் வீடு ஏழாவது மாடி, குடிதண்ணி கேனைப் படியில தூக்கிக்கிட்டுப் போனாங்க.

இதைக் கேட்டதும் மதுரையில மனைவி, ஷார்ஜா வேண்டவே வேண்டாம்னுட்டாங்க. ஆனா துபாயும் தப்பிக்கல. கணவர் தினம் இறங்குற ஆன்பேசிவ் ஸ்டேஷனும், ஈக்விட்டி, மஷ்ரெக், எனர்ஜி ஸ்டேஷன்களும் மே மாசம் வரைக்கும் மூடிக் கெடந்துச்சு, மாத்து பஸ்ல தொங்கித்தான் ஆபீஸ் போனாரு. எழுபத்தஞ்சு வருஷத்துல ஒரு தடவை பேஞ்ச மழையை வச்சு ஒரு ஊரைத் தள்ளக்கூடாதுன்னு நான் போன்ல சொன்னேன். ஊரை விட பில்டிங்கைப் பாக்கணும்: மோட்டார் ரூம், கரண்டு பேனல் ரூம் எங்க இருக்கு, அன்னைக்கு அந்தத் தெருவுல தண்ணி எவ்வளவு நின்னுச்சு. வாட்ச்மேன்ட்ட கேட்டா சொல்லிருவாரு, புரோக்கர்ட்ட கேட்டா சொல்ல மாட்டாரு.

கணக்கு

மே மாசம் வேலை கன்ஃபர்ம் ஆச்சு. ஜூன்ல ரெண்டு பக்கமும் வீடு பாத்து, கணக்கை எனக்கும் அனுப்புனாரு. அப்ப ஒரு திர்ஹம் 22 ரூபா 70 காசு வாக்குல.

ஷார்ஜா அல் நஹ்தாவுல ஒரு பெட்ரூம் வீடு வருஷம் 32,000. துபாய் அல் குசைஸ்ல, மெட்ரோவுக்கு நடந்து போற தூரத்துல ஸ்டூடியோ 38,000, ஒரு பெட்ரூம் 52,000. 52,000ங்கிறது சம்பளத்துல பாதி, அதை முதல்லயே அடிச்சுட்டாரு. ஆக போட்டி ஷார்ஜா ஒரு பெட்ரூமுக்கும் துபாய் ஸ்டூடியோவுக்கும்தான். மாசத்துக்குப் பாத்தா துபாய் 500 கூட. அதுக்கு மேல துபாய்ல வாடகையில 5 சதவீதம் ஹவுசிங் ஃபீன்னு தேவா (கரண்டு, தண்ணி போர்டு) பில்லோட சேந்து வரும், அது மாசம் 158. ஆக 658 கூட. போக்குவரத்துல ஷார்ஜான்னா கார்லிஃப்ட் 650, துபாய்ன்னா எல்லா ஸோனுக்கும் போற நோல் (பஸ், மெட்ரோ கார்டு) மாச பாஸ் 350, அங்க 300 மிச்சம். கழிச்சுப் பாத்தா துபாய் மாசம் 358 திர்ஹம் கூட, நம்ம காசுக்கு எட்டாயிரம் சொச்சம், அதோட ஒரு ரூம் கம்மி.

குடும்பத்துக்கு ஹெல்த் இன்சூரன்ஸ் எடுக்கிற செலவை ஷார்ஜா கணக்குல போடாம விட்டிருந்தாரு. விசா துபாய் விசா, அதனால எந்த ஊர்ல குடியிருந்தாலும் அதை இவர்தான் எடுத்தாகணும். இப்படி ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி வர்ற செலவையெல்லாம் தனியா எடுத்து வச்சுட்டு, மாறுற செலவை மட்டும் ஒப்பிடச் சொன்னேன்.

அந்த 358க்கு என்ன கிடைக்குது? மெட்ரோவுல அல் குசைஸ்லேருந்து பச்சை லைன் ஏறி, லைன் மாறி ஆன்பேசிவ், ஃபீடர் பஸ், எல்லாம் சேந்து ஒரு மணி பதினஞ்சு நிமிஷம். கார்லிஃப்டோட ஒப்பிட்டா தினம் ஒண்ணே முக்கால் மணி நேரம் மிச்சம், மாசத்துக்கு 40 மணி நேரத்துக்கு மேல. அதை விட முக்கியமா நான் பாத்தது வேற. மெட்ரோ மோசமான நாள்லயும் பத்து நிமிஷம்தான் லேட்டு, அந்த வெள்ளம் தவிர. ரோடு மோசமான நாள்ல ஒரு மணி நேரம் இழுக்குது. ஆபீஸ்ல லேட்டுக்கு சம்பளம் பிடிப்பாங்கன்னா சராசரியைப் பாத்துப் பிரயோஜனம் இல்ல, மோசமான நாளைத்தான் பாக்கணும்.

முடிவும் கையில வேணுங்கிற காசும்

ஸ்டூடியோன்னு முடிவாச்சு, 2024 ஆகஸ்ட்லேருந்து ஒப்பந்தம். முதல்ல கையில வேண்டிய காசைப் பாத்துதான் மலைச்சுப்போனாங்க: நாலு செக்குல முதல் செக் 9,500, டெபாசிட் 5 சதவீதம் 1,900, புரோக்கர் கமிஷன் 5 சதவீதம் 1,900, தேவா டெபாசிட் 2,000. ஆக 15,300, மூணரை லட்ச ரூபா கிட்ட. இஜாரி (வாடகை ஒப்பந்தத்தை அரசுல பதியறது) பதிவு, கட்டில், ஃபிரிட்ஜ் எல்லாம் இதுல சேரல. மனைவி நகையை மதுரையில அடகு வச்சு அனுப்புனாங்க. ஷார்ஜாவா இருந்தாலும் இதுல பெரிய வித்தியாசம் வந்திருக்காது.

ஆகஸ்ட் மாசத்தைத் தேர்ந்தெடுத்ததுக்குக் காரணம் பள்ளிக்கூடம். அங்க இந்தியன் பள்ளிகளுக்கு வருஷம் ஏப்ரல்ல ஆரம்பிக்கும், ஜூலை ஆகஸ்ட் லீவு. லீவு முடிஞ்சு தொறக்கும்போது சேத்தா பொண்ணு பாதியில நுழைஞ்ச மாதிரி தெரியாது. மதுரைப் பள்ளி டிசியில கல்வி அதிகாரி மேலொப்பம் வாங்க மட்டும் அங்குட்டும் இங்குட்டும் அலைஞ்சாங்க. அல் குசைஸ்லயே ஒரு சிபிஎஸ்இ பள்ளியில சீட்டு கிடைச்சுச்சு.

வந்த பிறகு நடந்தது

முதல் நாலு மாசம் சிரமம்தான். ஒரே ரூம், பொண்ணு தூங்கினா லைட்டை அணைக்கணும், போன் பேசணும்னா பாத்ரூம் பக்கம் போகணும். ஆனா கணவர் ஏழரைக்கு வீட்ல இருந்தாரு, பொண்ணுக்கு கணக்கு சொல்லிக் குடுத்தாரு.

2025 ஜனவரியில அவரோட அம்மா வந்தாங்க. அதுலயே ஒரு சிக்கல். அவங்க பாஸ்போர்ட்ல ஒரே பேர், சர்நேம் இடம் காலி. 2022 நவம்பர்லேருந்து யுஏஇ விசிட் விசாவுக்கு ஒத்தைப் பேர் பாஸ்போர்ட் செல்லாது, ரெண்டாம் பக்கத்துல அப்பா பேரோ குடும்பப் பேரோ இருந்தா மட்டும் ஒத்துக்குவாங்க. பாஸ்போர்ட்டைத் திருத்தி வாங்க நாளாச்சு. நம்ம ஊர்ல இனிஷியல் வச்சே வாழ்ந்த பெரியவங்க பாஸ்போர்ட் பாதி இப்படித்தான் இருக்கும், கூட்டிட்டுப் போறதா இருந்தா இதை முன்னாடியே எடுத்துப் பாருங்க.

அம்மா 60 நாள் விசாவுல வந்து ஒரு மாசத்துலயே கிளம்பிட்டாங்க. பீரோவை நடுவுல தள்ளி வச்சு மறைச்சுப் பாத்தாங்க, பலகை வச்சுத் தடுக்கலாமான்னு கேட்டதுக்கு வாட்ச்மேன் முடியாதுன்னுட்டாரு. (நல்லதுதான், அந்த வருஷம் ஜூன்ல துபாய் முனிசிபாலிட்டி பார்ட்டிஷன் வீடுகளைப் புடிக்க ஆரம்பிச்சுச்சு, ரிக்கா, முரக்கபாத், சத்வா பக்கமெல்லாம்.) "இங்க எனக்கு மூச்சு முட்டுதுப்பா, நான் ஊருக்கே போறேன்"னு அவங்க சொன்னது கணவருக்கு இன்னும் உறுத்துது. ஷார்ஜா வீடா இருந்தா இது நடந்திருக்காது. மாசம் 358னு கணக்குப் போட்டப்ப இந்த செலவு அதுல இல்ல.

அடுத்தது யாரும் எதிர்பாக்காதது. மனைவி வேலை தேடுனப்ப முதல்ல ஒத்து வந்தது ஷார்ஜாவுல இருக்குற ஒரு இந்தியன் பள்ளி. பி.எட். அட்டெஸ்டேஷன் தயாரா இருந்ததால பள்ளி, அரசு அனுமதிக்கு உடனே பேப்பர் போட முடிஞ்சுச்சு. கணவர் விசாவுலயே இருந்துக்கிட்டு ஒர்க் பெர்மிட் மட்டும் எடுத்தாங்க. 2025 ஏப்ரல்ல சேந்தாங்க, சம்பளம் 3,200, பொண்ணையும் அதே பள்ளிக்கு மாத்திட்டாங்க, ஸ்டாஃப் பிள்ளைங்களுக்கு ஃபீஸ் சலுகை உண்டு.

அப்ப துபாய்ல வீடு எடுத்தது தப்பாப்போச்சான்னு கேட்டா, இங்கதான் பிப்ரவரியில எழுதி வச்சது உதவுச்சு. காலைல தாயும் மகளும் பள்ளி பஸ்ல துபாய்லேருந்து ஷார்ஜா போறாங்க, காலியா இருக்குற பக்கம், 25 நிமிஷம். திரும்பும்போதும் காலியான பக்கமே. கணவர் மெட்ரோவுல. மூணு பேருமே கூட்டத்துல மாட்டல. அல் குசைஸ் எல்லையில இருக்குறதாலதான் இது நடந்துச்சு, கராமாவுலயோ அல் பர்ஷாவுலயோ எடுத்திருந்தா நடந்திருக்காது.

இன்னொண்ணு லீவு. 2022 ஜனவரியிலேருந்து ஷார்ஜா பள்ளிகளுக்கு வெள்ளி, சனி, ஞாயிறு மூணு நாள் லீவு, துபாய்ல வெள்ளி அரை நாள் பள்ளி உண்டு. மனைவிக்கு வாரம் நாலு நாள் வேலை, நாள் நீளம், ஆனா வெள்ளிக்கிழமை வீட்டுக்கு. கணவருக்குத்தான் அது உதவல, வெள்ளி முழு நாள் வேலை.

ரெண்டாவது வருஷம்

2025 மே மாசம், ஒப்பந்தம் முடிய 90 நாளைக்கு முன்னாடி வாடகை ஏத்துற நோட்டீஸ் வந்துச்சு. துபாய்ல அது 2013ஆம் வருஷத்து ஆணைப்படி: இப்ப குடுக்குற வாடகை மார்க்கெட் வாடகையை விட 10 சதவீதம் வரைக்கும் குறைவுன்னா ஏத்த முடியாது, 11லேருந்து 20ன்னா 5 சதவீதம், 21லேருந்து 30ன்னா 10, இப்படிப் போயி அதிகபட்சம் 20. 2025 ஜனவரியில வந்த புது ஸ்மார்ட் இண்டெக்ஸ்ல (மார்க்கெட் வாடகையைக் காட்டுற அரசு கருவி) பில்டிங் பேரைப் போட்டுப் பாத்தாரு, 10 வரைக்கும் ஏத்தலாம்னு காட்டுச்சு. ஓனர் 15 கேட்டிருந்தாரு, அந்த ஸ்கிரீனைக் காட்டுனதும் 10க்கு இறங்கிட்டாரு. 38,000 இப்ப 41,800.

ஷார்ஜாவுல 2024 வாடகைச் சட்டப்படி முதல் மூணு வருஷத்துக்கு, குடியிருக்கிறவர் ஒத்துக்கிட்டா ஒழிய ஏத்த முடியாது. ஆக அந்த 32,000 மூணு வருஷமும் சேத்து 96,000ல நின்னிருக்கும், துபாய் ரெண்டு வருஷத்துலயே 79,800. ஜூன்ல போட்ட கணக்கு ஒரு வருஷக் கணக்கு, அதுல இது விட்டுப்போச்சு.

ஆனா ஷார்ஜாப் பக்கமும் அப்படியே நிக்கல. 2024 நவம்பர் 24லேருந்து அல் கைல் ரோட்ல பிசினஸ் பே கிராசிங்ல புது சாலிக் (துபாய் ரோட்டு டோல்) கேட்டு, அல் கூஸ் போற கார்லிஃப்ட் வண்டிங்க பல அந்த வழிதான். 2025 ஜனவரி 31லேருந்து கூட்ட நேரத்துல சாலிக் 4லேருந்து 6 திர்ஹம் ஆச்சு. மாமா பக்கத்து பில்டிங் ஆள் கார்லிஃப்டை 650லேருந்து 750க்கு ஏத்திட்டாராம்.

திரும்ப முடிவெடுத்தா எதை மாத்துவாங்க

கணவரும் மனைவியும் இதுல ஒத்துப்போகல, ரெண்டையும் சொல்லிர்றேன். கணவர் சொல்றது, முதல் வருஷமே ஷார்ஜா ஒரு பெட்ரூம் எடுத்து, கஷ்டப்பட்டு லைசென்ஸை எடுத்திருக்கணும், அம்மா நிம்மதியா இருந்திருப்பாங்க. மனைவி சொல்றது, முதல் வருஷம் அவர் ராத்திரி எட்டரைக்கு வந்திருந்தா புது ஊர்ல பொண்ணை வச்சுக்கிட்டு ஒத்தையா நான் திரும்பி வந்திருப்பேன், ரூம் அப்புறம் வாங்கிக்கலாம்னு. என் கருத்தைக் கேட்டா நான் மனைவி பக்கம். முதல் வருஷம் வேற, மூணாவது வருஷம் வேற, ரெண்டுக்கும் ஒரே வீடு பொருந்தணும்னு இல்ல.

ரெண்டு பேரும் ஒத்துக்கிட்டது: கணக்கை மூணு வருஷத்துக்குப் போட்டிருக்கணும், அம்மா வந்தா எங்க படுப்பாங்கன்னு முதல்லயே யோசிச்சிருக்கணும், மனைவி வேலைக்கு மூணு மாசம் முன்னாடியே விண்ணப்பம் போட்டிருக்கணும். புரொபேஷன் முடியுற வரைக்கும் காத்திருந்ததையும் அந்த ஒரு வார சோதனையையும் மாத்தவே மாட்டோம்னு சொன்னாங்க.

நான் இதுக்கப்புறம் கேக்குறவங்களுக்கு சொல்ற விதத்தை மாத்திக்கிட்டேன். துபாயா ஷார்ஜாவான்னு கேட்டா, வீட்ல யாரார் காலைல எந்தப் பக்கம் போவீங்கன்னு திருப்பிக் கேக்குறேன். ஆபீஸ் ஷார்ஜா இண்டஸ்ட்ரியல் ஏரியாவுலன்னா இந்த ஆய்வுல ஒரு வரி கூட உங்களுக்குப் பொருந்தாது, மாமா சொன்னதே சரி. ஆபீஸ் துபாயோட மறுகோடியில ஜெபல் அலின்னா எல்லைப் பக்கமே வராதீங்க.

இப்போதைய நிலைமை

கணவர் லைசென்ஸ் எடுத்துட்டாரு, ரெண்டாவது டெஸ்ட்ல. நகை திருப்பியாச்சு. 2026 ஆகஸ்ட்ல ஒப்பந்தம் முடியுது, ரெண்டு சம்பளம் வர்றதால இப்ப துபாய் ஒரு பெட்ரூமும் பட்டியல்ல இருக்கு, ஷார்ஜா அல் நஹ்தாவும் இருக்கு. மனைவி ஷார்ஜாவுக்கு ஒத்துக்கிட்டாங்க, 2024 ஏப்ரல்ல தண்ணி ஏறாத பில்டிங்கா இருக்கணும், வாட்ச்மேன்ட்ட தானே நேர்ல கேப்பேன்னு நிபந்தனையோட. பிப்ரவரியில ஒரு வாரம் மறுபடி மாமா வீட்லேருந்து ஆபீஸ் போய்ப் பாக்குறதா இருக்காரு, இந்தத் தடவை வாடகைக் கார் எடுத்து அவரே ஓட்டி, சாலிக்கையும் பெட்ரோலையும் தனித்தனியா எழுதி வச்சு.